டெபுடி இன்ஸ்பெக்டரும் நாலு மெழுகுதிரியும்

டெபுடி இன்ஸ்பெக்டர் வர இன்னும் இருபது மணி நேரம் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எட்டாம் வகுப்பில் தண்ணீர், ஏறக் கூடாத உயரத்துக்கு ஏறி நின்றது.

"ஆத்தாடி, பாதி ஜாடி டீச்சர்!" என்று பெஞ்சு மேல் ஏறிக் கத்தினாள் உலகம்மை.

சுகிர்தம் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். மேஜை மேல் ஒரு தாம்பாளம். அதில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். நடுவில் நாலு மெழுகுதிரிகள். அவற்றின் மேல் ஒரு கண்ணாடி ஜாடி கவிழ்ந்து கிடந்தது. உள்ளே சுடர்கள் அணைந்து புகை சுழன்றுகொண்டிருக்க, தாம்பாளத்துத் தண்ணீரில் பெரும்பகுதி ஜாடிக்குள் குடியேறிவிட்டது.

பக்கத்தில் இரண்டு டால்டா டப்பாக்கள். ஒன்றில் 'அதே அளவு' என்றும் மற்றதில் 'கூட' என்றும் சீட்டு ஒட்டியிருந்தது. ஓட்டுப் போடாமல் எந்தச் சோதனையையும் பார்க்கக் கூடாது என்பது சுகிர்தத்தின் சட்டம். போன வருஷத்துத் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து ஊரே ஓட்டுப் போட்டதை வேடிக்கை பார்த்த பிள்ளைகள்தானே? ஆளுக்கு ஒரு புளியமுத்து. என்ன நடக்கும் என்று நினைக்கிறாயோ அந்த டப்பாவில் போடு. போட்ட பிறகு 'நான் அப்பமே நெனச்சேன்' என்று யாரும் பல்டி அடிக்க முடியாது. இன்றைக்கு 'அதே அளவு' டப்பாவில் முப்பத்தொரு முத்து, 'கூட' டப்பாவில் இரண்டு. தோற்றுப்போன முப்பத்தொரு பேரும் இப்போது ஜாடியை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஜில்லா முழுக்க எட்டாம் வகுப்புக்கு ஒரு 'விஞ்ஞான வழிகாட்டி' இருந்தது. அதன் பன்னிரண்டாம் பாடம் சொன்னது இது: எரிகிற மெழுகுதிரியை ஜாடியால் மூடினால், உள்ளே உள்ள காற்றில் ஐந்தில் ஒரு பங்கான பிராணவாயுவைச் சுடர் தின்று தீர்க்கும். காலியான அந்த இடத்தைத் தண்ணீர் ஏறிப் பிடிக்கும். சரி. ஜாடி ஒன்று, அதிலுள்ள பிராணவாயுவும் அவ்வளவுதான் என்றால், ஒரு மெழுகுதிரி தின்றாலும் நாலு மெழுகுதிரி தின்றாலும் தண்ணீர் அதே கோட்டில்தானே நிற்க வேண்டும்?

நிற்கவில்லை.

"டீச்சர், செத்த வெளிய வாங்க."

வாசலில் ஹெட்மாஸ்டர் தில்லைநாயகம் நின்றார். பிள்ளைகளுக்குப் பெரிய சார். சாரலுக்குப் பயந்து ஆனி மாதம் முழுக்கக் கறுப்புக் கோட்டைக் கழற்றாத மனிதர்.

"மெழுகுதிரி எத்தனை?"

"நாலு சார்."

"வழிகாட்டியில எத்தனை?"

"ஒண்ணு."

"மிச்சம் மூணும் என்னது, கிறிஸ்மஸ் கொண்டாட்டமா?"

"பிள்ளைங்களுக்கு அது சரியான்னு காட்டணும்லா சார்? புஸ்தகம் சொல்லுத மாதிரின்னா அஞ்சுல ஒரு பங்குதான் ஏறணும். பாதி ஏறிட்டு. அப்பம் புஸ்தகத்துலதான்..."

"சொல்லாதீங்க! வாயால சொல்லாதீங்க!" பெரிய சார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அந்தப் புஸ்தகத்தை எழுதினது யாரு?"

"டெபுடி இன்ஸ்பெக்டர் முத்துக்குமாரசாமி, பி.ஏ., எல்.டி."

"நாளைக்கு இங்கன வரப்போறது யாரு?"

"அவருதான்."

"எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் எந்தப் பாடத்தை நடத்தச் சொல்லுவாரு?"

சுகிர்தத்துக்கு இது தெரியாது. "எந்தப் பாடம் சார்?"

"பன்னிரண்டு!" என்றார் பெரிய சார், தூக்குத் தண்டனை வாசிக்கிற குரலில்.

சுகிர்தத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. அவளுடைய வேலை ஒரு வருஷத் தற்காலிகம். அந்த வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது. டெபுடி இன்ஸ்பெக்டர் தன் ரிப்போர்ட்டில் நாலு நல்ல வார்த்தை எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கட்டிப் பழக்கப்பட்ட பெட்டிதான் அது. முதல் வேலை திருவேங்கடத்துப் பக்கம். மானேஜருடைய மச்சான் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து நீரோட்டம் பார்க்கிறவர். சுகிர்தம் அவர் கண்ணைக் கட்டி அதே தோட்டத்தில் மறுபடி நடக்கச் சொன்னாள். தேங்காய் வேறு வேறு ஏழு இடத்தில் எழுந்து நின்றது. ஏழாம் நாள் அவளுக்கு வேலை இல்லை. இரண்டாவது வேலை கடையநல்லூருக்கு அப்பால். கிரகணத்தன்றுதான் உலக்கை தானாக நிற்கும் என்று ஊரே நம்பியது. கிரகணத்துக்கு முந்தின நாளே அவள் வகுப்பில் மூன்று உலக்கைகளை நிறுத்திக் காட்டினாள். அன்று சாயங்காலம் உலக்கை நின்றது, அவளுடைய வேலை நிலைக்கவில்லை. மூன்றாவது இடத்திலிருந்தும் துரத்தினால் இந்த ஜில்லாவில் எந்த மானேஜரும் அவளைப் படியேற்ற மாட்டார்.

"இந்தா பாரும்மா," பெரிய சாரின் குரல் தணிந்தது. அவருக்கு அவள் மேல் பிரியம் உண்டு. அவள் வந்த பிறகுதான் விஞ்ஞானப் பாடவேளையில் பையன்கள் தோப்புக்கு ஓடாமல் இருந்தார்கள். "நாளைக்கு ஒரே ஒரு நாள். ஒரு மெழுகுதிரி, அஞ்சுல ஒரு பங்கு, முடிஞ்சுது. மத்த மூணும் என் கோட்டுப் பையில இருக்கட்டும். அவரு வரும்போதே கண்ணு சொருகித்தான் வருவாரு. அதுக்குக் கடற்கரைகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

கடற்கரை குற்றாலத்தில் அதிகாரிகளுக்கு எண்ணெய் தேய்ப்பவன். ஆனியில் சாரல் தொடங்கிவிட்டால் ஜில்லாவிலுள்ள அத்தனை அதிகாரிகளுக்கும் தென்காசியில் அவசர வேலை முளைத்துவிடும். மாசி வெயிலில் தென்காசிப் பள்ளிக்கூடம் எந்த அதிகாரிக்கும் ஞாபகம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. வருகிறவர்களை எல்லாம் கடற்கரையிடம் ஒப்படைப்பது இந்தப் பக்கத்து ஹெட்மாஸ்டர்களின் வழக்கம். அவன் தேய்த்துவிட்டு அருவியில் தள்ளினால், மத்தியானம் வரைக்கும் மனிதன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்குவான். ரிப்போர்ட்டில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட மட்டும் விழிப்பான்.

"சரி சார்," என்றாள் சுகிர்தம். சொன்ன மாத்திரத்தில் வாயில் வேப்பங்காய்க் கசப்பு.

பெரிய சார் வகுப்புக்குள் போய் நின்றார். "ஏலே பிள்ளைங்களா, மெழுகுதிரியை மூடினா தண்ணி எம்புட்டு ஏறும்?"

"பாதி சார்!" முப்பத்துமூன்று குரல்.

"ஏலே! அஞ்சுல ஒரு பங்கு!"

உச்சிமாகாளி எழுந்தான். ஓட்டில் ஜெயித்த இரண்டு பேரில் ஒருத்தன். மற்றவள் உலகம்மை. "பாத்ததைச் சொல்லணுமா சார், படிச்சதைச் சொல்லணுமா?"

"பரீட்சையில எதைலே கேப்பாங்க?"

"படிச்சதை."

"அப்பம் நாளைக்கும் அதுதான். பாத்ததை எல்லாம் இன்னைக்கு ராத்திரி சோத்தோட சேத்து முழுங்கிட்டு வந்துருங்க."

பெரிய சார் போனதும் உலகம்மை மேஜைக்கு வந்தாள். "டீச்சர், ஒங்களை இங்கன இருந்தும் அனுப்பிருவாங்களா?"

"யாரு சொன்னா?"

"பெரிய சார் ரகசியம் பேசினா அஞ்சாம் வகுப்பு வரைக்கும் கேக்கும் டீச்சர்." அவள் வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்திரண்டு தலைகள் ஆடின. "நாங்க சொல்லிருதோம். நீங்க கவலைப்படாதீங்க. எப்ப கேட்டாலும் அஞ்சுல ஒரு பங்குதான்."

அந்த உறுதிதான் சுகிர்தத்தை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் காலை ஆறரைக்குப் பெரிய சாரும் சுகிர்தமும் ஜட்காவில் குற்றாலம் போய் இறங்கினார்கள். அதிகாரியின் முகத்தைக் கண்டு கும்பிடு போடாமல் பள்ளிக்கூடத்தில் காத்திருப்பது மரியாதை இல்லை. வழியெல்லாம் சாரல் முகத்தில் ஊசி போட்டது. பேரருவிக்கு இருநூறு கஜம் முன்னாலேயே இரைச்சல் சரியில்லை என்று குதிரைக்குத் தெரிந்துவிட்டது. நின்றுவிட்டது.

அருவி வெள்ளையாக இல்லை. செம்மண் குழம்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மலையில் ராத்திரி நல்ல மழை. போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதி எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். பாறையில் உள்ளங்கால் முதல் உச்சி வரை எண்ணெய் வழிய, இடுப்பில் ஒரு துண்டோடு, டெபுடி இன்ஸ்பெக்டர் முத்துக்குமாரசாமி உட்கார்ந்திருந்தார். மீசையிலிருந்து எண்ணெய் சொட்டியது. பக்கத்தில் கடற்கரை கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"ஏம்ப்பா, நான் எம்புட்டு நேரம் இப்படி அப்பளம் மாதிரி உக்காந்திருக்க?"

"வெள்ளம் வடியட்டும்யா..."

"எப்ப வடியும்?"

"சாயங்காலம் வடிஞ்சிரும்யா."

பெரிய சார் கடற்கரையை ஓரமாக இழுத்தார். "என்னலே, உறங்குவாரா மாட்டாரா?"

"பெரிய சார், எண்ணெய் பாதி, அருவி பாதி. தலையில அருவி விழாம எனக்கு உத்தரவாதம் கிடையாது. இப்படியே பச்சைத் தண்ணியில கழுவிட்டுப் போனாருன்னா, ரெண்டு நாளைக்குக் கண்ணை மூட மாட்டாரு. உடம்பு முறுக்கிக்கும்."

அதற்குள் டெபுடி இன்ஸ்பெக்டரின் கண் சுகிர்தத்தின் மேல் விழுந்தது. துண்டை இறுக்கிக்கொண்டார். "நீங்கதான் விஞ்ஞான டீச்சரா? நம்ம வழிகாட்டி எப்படி இருக்கு?"

"எழுத்து நல்லாத் தெளிவா இருக்கு சார்."

"பன்னிரண்டாம் பாடம் என் செல்லப் பாடம். இன்னைக்கு அதையே நடத்துங்க." பங்களாக் கிணற்றடிக்குப் போகத் திரும்பியவர், ஒரு தும்மல் போட்டார். பாறை அதிர்ந்தது. தூக்கத்துக்கும் அந்த மனிதருக்கும் இனிச் சம்பந்தமில்லை.

பத்து மணிக்கு அவர் எட்டாம் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது கண்கள் இரண்டும் அரிக்கேன் விளக்கு மாதிரி எரிந்தன. சுகிர்தம் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினாள். நடுவில் ஒரே ஒரு மெழுகுதிரியை நிறுத்தினாள். பக்கத்தில் ஜாடி, அதன் மேல் ஐந்து பங்காகக் காகிதக் கோடுகள். தீப்பெட்டியை எடுத்தாள்.

"தண்ணி அஞ்சுல ஒரு பங்கு ஏறும் சார்!" முப்பத்துமூன்று பேரும் ஒரே மூச்சில் முழங்கினார்கள்.

டெபுடி இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டார். "ஏலே, அவங்க இன்னும் தீக்குச்சியே கிழிக்கலியேலே!"

"கிழிச்சாலும் அஞ்சுல ஒரு பங்குதான் சார்!"

பெரிய சார் கண்ணை மூடிக்கொண்டார். சாரல் ஈரத்தில் மூன்று குச்சி நமுத்துப் போய், நாலாவது பற்றியது. மெழுகுதிரி எரிந்தது, ஜாடி கவிழ்ந்தது, சுடர் அணைந்தது, தண்ணீர் ஏறி முதல் கோட்டருகே நல்ல பிள்ளையாக நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள், டீச்சர் தரையைப் பார்த்தாள், டெபுடி இன்ஸ்பெக்டர் எல்லோரையும் பார்த்தார்.

"மனப்பாடம்," என்றார் அவர். "சுத்த மனப்பாடம். நான் பத்தொன்பது வருஷம் வாத்தியாரா இருந்தவன், எனக்குத் தெரியாதா? சரி, புரிஞ்சு சொல்லுதீங்களான்னு பாப்போம். புஸ்தகத்துல இல்லாத கேள்வி. இதே ஜாடியில நாலு மெழுகுதிரி வச்சா எவ்வளவு ஏறும்?"



முப்பத்துமூன்று வாய்களும் இறுகிக் கிடந்தன. பொய் சொல்லப் பழகியது ஒரு கேள்விக்குத்தான். இது அந்தக் கேள்வி இல்லையே! பெரிய சாருக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை.

"பாத்தீங்களா ஹெட்மாஸ்டர்? ஒரு படி தள்ளிக் கேட்டா ஒரு பிள்ளைக்கும் வாய் வரல." அவர் பேனாவைத் திறந்து சுகிர்தத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க கிளி வளக்கலாம்மா. வகுப்பு நடத்த லாயக்கில்ல. யோசிக்கவே சொல்லித் தரலியே நீங்க."

சுகிர்தத்துக்குக் காது மடல் எரிந்தது. கண் கட்டிய தேங்காய்க்காகவும் முன்கூட்டி நின்ற உலக்கைக்காகவும் அவளைத் துரத்தியிருக்கிறார்கள். ஆனால் யோசிக்கச் சொல்லித் தரவில்லை என்று இதுவரை ஒருவரும் அவளைத் துரத்தியதில்லை. வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் பெஞ்சு கிறீச்சிட்டது.

உலகம்மை எழுந்து நின்றாள். மூக்கு விடைத்திருந்தது. "சார், எங்க டீச்சர் வகுப்புல ஒரு சட்டம் இருக்கு. கேள்வி கேக்கவங்களும் முத்துப் போடணும்."

"என்ன முத்து?"

உச்சிமாகாளி மேஜைக்கு அடியிலிருந்து டால்டா டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டான். யாரும் தடுக்குமுன் அதிகாரியின் உள்ளங்கையில் ஒரு புளியமுத்து இருந்தது. சீட்டுகளைப் படித்ததும் முத்துக்குமாரசாமிக்குக் காலையிலிருந்து முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

"நல்ல வேடிக்கையா இருக்கே! பானையில இருக்க சோத்தை ஒருத்தன் தின்னா என்ன, நாலு பேரு தின்னா என்ன? காலியாகுத பானை அதே பானைதானே?" 'அதே அளவு' டப்பாவில் டங் என்று முத்தைப் போட்டார். "ஹெட்மாஸ்டர், நீங்களும் போடுங்க."

பெரிய சாரின் முத்து இரண்டு டப்பாவுக்கும் நடுவில் சிறிது நேரம் தத்தளித்தது. பிறகு மெல்லக் கோட்டுப் பைக்குள் இறங்கியது.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். டங், டங், டங். எல்லாம் 'கூட' டப்பாவில். முப்பத்துமூன்றாவது முத்து விழுந்ததும் டெபுடி இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டிக்கொண்டார். "ஒரு வகுப்பு மொத்தமும் தப்பு! ஒருத்தன் கூடத் தப்பித் தவறிச் சரியாச் சொல்லல! எங்க, நாலு மெழுகுதிரி கொண்டாங்க, பாத்துருவோம்."

"கைவசம் ஒண்ணுதான் இருக்கு சார்," என்றார் பெரிய சார் வேகமாக.

"பையில என்னது, வெள்ளையா எட்டிப் பாக்குது?"

மூன்று மெழுகுதிரிகளும் ஒரு புளியமுத்தும் வெளியே வந்தன.

சுகிர்தம் நாலையும் ஏற்றினாள். ஜாடியைக் கையில் எடுத்தபோது அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்ற பெரிய சார் தன் மணிக்கட்டை லேசாகச் சாய்த்துக் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. ஜாடியைக் கவிழ்த்த பிறகு ஒரு ஓரத்தை நூல் அளவு தூக்கினால் போதும். ஒரு குமிழிக் காற்று உள்ளே போகும், ஏறின தண்ணீர் இறங்கும். கை நடுங்கிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர் முதல் கோட்டில் நிற்கும், அதிகாரி ஜெயிப்பார், அவளுக்கு ஒரு திட்டு. கெஞ்சிக் கேட்டால் இன்னொரு வருஷத் தற்காலிகம்.

ஜாடி சுடர்களின் மேல் இறங்கியது. அவள் விரல்கள் அதன் மேலேயே இருந்தன. எதிரே முப்பத்துமூன்று பேர். நேற்றுத் தோற்றுப்போய், ஜாடியை முறைத்து, அப்புறம் ஏன் ஏன் என்று அவள் உயிரை எடுத்த முப்பத்தொரு பேரும் அதில் இருந்தார்கள்.

சுகிர்தம் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சுடர்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டது. தாண்டியது. இரண்டாவது கோட்டில் மூச்சு வாங்குவது போல ஒரு கணம் நின்று, அதையும் தாண்டியது.

யாரும் கத்தவில்லை. அந்த நல்ல பழக்கம் எட்டாம் வகுப்புக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ஜாடியில விரிசல்," என்றார் டெபுடி இன்ஸ்பெக்டர்.

பெரிய சாரின் வீட்டிலிருந்து ஊறுகாய் பாட்டில் வந்தது. பெரிய வாய் உள்ளது. அதிகாரியே கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்து, தானே ஏற்றினார், தானே கவிழ்த்தார். பாதி. மறுபடி. பாதி. விரலைச் சுட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை முழங்காலிட்டு, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இந்த மெழுகுதிரிக்குப் பிராணவாயு அதிகமாத் தேவைப்படுதோ என்னமோ," என்று முனகினார்.

"சார்," என்றான் உச்சிமாகாளி, "மெழுகுதிரியே இல்லாமலும் ஏறும் சார். நேத்து டீச்சர் காட்டினாங்க."

"என்னலே சொல்லுத? எரியவே இல்லன்னா பிராணவாயுவை யாருலே தின்னது?"

அதிகாரிக்கு வைத்திருந்த காப்பிக்காகப் பக்கத்து அறையில் வெந்நீர் தளதளத்துக்கொண்டிருந்தது. சுகிர்தம் அதைக் கொண்டுவரச் சொல்லி, முதலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டிலைச் சூடாக்கி, பிறகு நிறைய ஊற்றிக் குலுக்கிக் கொட்டினாள். ஆவி பறக்கும் வெறும் பாட்டிலைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். சுடர் இல்லை, திரி இல்லை, ஒன்றுமில்லை. தண்ணீர் தன்பாட்டுக்கு ஏறியது.

டெபுடி இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தேடவில்லை. முதல் பெஞ்சில், உலகம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லு தாயி," என்றார். "நீ சொல்லு."

"சுடர் தின்ன பிராணவாயு எங்கயும் போயிரல சார். கரியமிலவாயுவாவும் ஆவியாவும் மாறி உள்ளயேதான் கெடக்கு. ஆனா, மெழுகுதிரிக்கு மேல ஜாடியைக் கொண்டுபோகையிலயே காத்து சூடாகி உப்பிருது. உப்பின காத்துல கொஞ்சம் வெளிய ஓடிருது. அணைஞ்ச பெறவு மிச்சக் காத்து குளுந்து சுருங்குது, ஆவியும் தண்ணியாயிருது. உள்ள எடம் காலி. வெளிக்காத்து தண்ணியை உள்ள அமுக்கிருது. நாலு திரின்னா சூடு கூட. அம்புட்டுத்தான்."

"ஒரு திரியில கணக்கா அஞ்சுல ஒரு பங்கு வந்துதே?"

"அது மெழுகுதிரி சைசு சார். வேற சைசுல நேத்து வேற மாதிரி வந்துது."

அவர் ஊறுகாய் பாட்டிலை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து ஹெட்மாஸ்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினொன்றரை மணிக்குச் சுகிர்தத்தைக் கூப்பிட்டார். பெரிய சார் கதவோடு கதவாக நின்றார். மேஜை மேல் ரிப்போர்ட்டுத் தாள் வெள்ளையாகக் கிடந்தது.

"உக்காருங்க. எனக்கு ஒரு சிக்கல். நீங்க நல்லா நடத்துதீங்கன்னு எழுதினா, என் புஸ்தகம் தப்புன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. மூணு பதிப்பு வந்துட்டு. ஜில்லா முழுக்க அஞ்சுல ஒரு பங்குன்னு ஒப்பிச்சுக்கிட்டு இருக்கு."

"ஆமா சார்."

"நீங்க மோசம், விலக்கிருங்கன்னு எழுதினா, காரணம் கேப்பாங்க. காரணம் எழுதினா, மேலாபீசுல எவனாவது ஒருத்தன் வேலையத்த நேரத்துல நாலு மெழுகுதிரி வாங்குவான்." அவர் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டார். "வாங்கினான்னா நான் முடிஞ்சேன்."

"இந்த ஊருக்கு வந்தே இருக்க வேண்டாம்னு தோணுதா சார்?"

"இத்தனை வருஷமாப் பாத்துக்கிட்டிருந்த தண்ணியை இன்னைக்குத்தாம்மா பாத்தேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல. முப்பத்துமூணுக்கு ஒண்ணுன்னு தோத்தேன் பாருங்க, அதான்." மீசைக்குள் ஏதோ நெளிந்தது. பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதி, மை ஒற்றி, மடித்து, பெரிய சாரிடம் நீட்டிவிட்டுப் படியிறங்கினார். ஜட்கா நகர்ந்த பிறகுதான் பெரிய சாருக்குத் தாளைப் பிரிக்கத் தைரியம் வந்தது. உரக்க வாசித்தார்.

"'வழிகாட்டியின் பன்னிரண்டாம் பாடம் திருத்தத்துக்கு உரியது என்பதை இவ்வலுவலர் கண்டறிந்துள்ளார்...' கண்டறிஞ்சாராமே!"

"மேல படிங்க சார்."

"'திருத்தத்துக்கான சோதனைகள் இப்பள்ளியில் இவ்வாசிரியை வசம் நடந்து வருகின்றன. சோதனைகள் முற்றுப்பெற்று, திருத்தக் கமிட்டி கூடி, புதிய பதிப்பு வெளிவரும் வரை இவ்வாசிரியையை விலக்கவோ மாற்றவோ கூடாது. சோதனைகளை நேரில் பார்வையிட இவ்வலுவலர் ஆண்டுதோறும் ஆனி மாதம் வருகை தருவார்.'"

சுகிர்தம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நிரந்தரம்னு எழுதலியே சார்?"

"எழுதல." பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அவர் முகம் மலர்ந்தது. "அட அசட்டுப் பெண்ணே! திருத்தக் கமிட்டி கடைசியாக் கூடினது எப்பம்னு தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்துல. அதுவும் கூடி டீ குடிச்சுட்டுக் கலைஞ்சுட்டு. அது மறுபடி கூடி, புதுப் பதிப்பு வாரதுக்குள்ள உனக்கு ரிட்டயர்மெண்டே வந்துரும்!"

சுகிர்தத்துக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. முந்தானையால் இரண்டையும் துடைத்துக்கொண்டாள். வகுப்பிலிருந்து பயங்கர இரைச்சல் கேட்டது. பெரிய சார் வாசித்தது அங்கே வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

பெரிய சார் தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைப் பையில் போடும்போது திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, அந்தப் புஸ்தகத்துல வேற எந்தப் பாடமும் தப்பு இல்லல்லா?"

"பதினாலுல ஒண்ணு இருக்கு சார். பத்தொன்பதுல ரெண்டு."

"ஏ, மெள்ளச் சொல்லு, மெள்ளச் சொல்லு!" பெரிய சார் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். "வருஷத்துக்கு ஒண்ணாத் திருத்துனாப் போதும். அவசரப்பட்டு வேலையை முடிச்சுக்கிடாதே!"